நடைபாதை உணவுக் கடைகளும் நகர விதிகளும்

கொல்கத்தா மாநகரின் எஸ்பிளனேடு பகுதியையொட்டி டேக்கர்ஸ் லேன் என்ற குறுகலான தெரு ஒன்று உண்டு. நண்பகல் வேளையில் அங்கு நடப்பதற்கும் இடமிருக்காது. சுற்றியுள்ள அலுவலகங்களின் குமாஸ்தாக்களும் கடைநிலை ஊழியர்களும், ஏதோ அலுவலாக நகரத்துக்கு வந்த கிராமத்தாரும், சுமை தூக்குவோரும் தோளோடு தோள் நின்று உண்கின்றனர். சோறும் மீன் குழம்பும், பூரியும் உருளைக்கிழங்குக் கறியும், ரொட்டியும் காய்கறிச் சாறும் அங்கே குறைந்த விலையில் கிடைக்கின்றன. சமையலறை இல்லாத வாடகை அறையில் தங்கியிருப்பவனுக்கும், விடியுமுன் வீட்டை விட்டுப் புறப்படும் தொழிலாளிக்கும் தெருவோரக் கடைதான் அன்றாடச் சமையலறை.

இந்த உணவு வெறும் நாவின் சுவைக்காக உண்ணப்படுவதன்று. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனத்தின் துணையுடன் கொல்கத்தாவில் ஓர் ஆய்வு நடத்தப்பட்டது. சுமார் 500 கிராம் எடையுள்ள ஒரு சராசரித் தெருவோரச் சாப்பாடு ஏறத்தாழ 1,000 கலோரி சக்தியை அளிக்கிறது என்று அந்த ஆய்வு கண்டது. உடலுழைப்பால் பிழைக்கும் ஒருவரின் ஒரு நாள் தேவையில் இது கணிசமான பங்காகும். ஆகவே தெருவோர உணவு வியாபாரத்தைப் பற்றிய விதிகள் இரு தரப்பாரைப் பாதிக்கின்றன. விற்பவரின் பிழைப்பு ஒரு புறம். வாங்கி உண்ணும் ஏழை எளியவரின் வயிறும் உடல்நலமும் மறுபுறம். இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று முரணானவை என்ற எண்ணம் நகர நிர்வாகங்களில் நெடுங்காலமாக வேரூன்றியுள்ளது. அந்த எண்ணம் சரிதானா என்பதே ஆராயத்தக்க வினாவாகும்.

மூன்று வாயில்கள்

துணியோ பாத்திரமோ விற்கும் நடைபாதை வியாபாரியைவிட உணவு விற்பவரின் நிலை சிக்கலானது. அவர் குறைந்தது மூன்று அதிகார வாயில்களில் நிற்க வேண்டியவராயிருக்கிறார். முதலாவது, நகராட்சி அல்லது மாநகராட்சி. தெருவும் நடைபாதையும் அதன் பொறுப்பில் உள்ளவை. இன்ன இடத்தில் நிற்கலாம், இன்ன இடத்தில் நிற்கலாகாது என்று அதுவே கூறும். இரண்டாவது, காவல் துறை. போக்குவரத்துக்கு இடையூறு என்ற காரணத்தால் எந்த நேரத்திலும் வண்டியை நகர்த்தச் சொல்லும் அதிகாரம் அதற்கு உண்டு. மூன்றாவது, உணவுப் பாதுகாப்புத் துறை. கலப்படமோ அசுத்தமோ இல்லாமல் உணவு விற்கப்படுகிறதா என்று பார்ப்பது அதன் கடமை.

தனித்தனியே நோக்கினால் இம்மூன்று கட்டுப்பாடுகளும் நியாயமானவையே. நடப்பவர்க்கு நடைபாதை வேண்டும். வாகனங்களுக்கு வழி வேண்டும். உண்பவர்க்கு நல்ல உணவு வேண்டும். இடர்ப்பாடு யாதெனில், இவை ஒன்றையொன்று அறியாமல் இயங்குவதுதான். ஒரு துறை வழங்கிய பதிவுச் சான்று மற்றொரு துறையின் முன் எப்போதும் செல்லுபடியாகும் என்பதில்லை. உணவுத் துறையிடம் முறையாகப் பதிவு செய்துகொண்டவர், நிற்க உரிமையற்ற இடத்தில் நிற்பவராகவே மாநகராட்சியின் கண்ணுக்குத் தோன்றலாம்.

விலக்கப்பட்ட இடங்கள்

உள்ளூர் விதிகள் பெரும்பாலும் எல்லா வியாபாரிகளையும் ஒரே தட்டில் வைத்து எழுதப்பட்டவை. மும்பை மாநகர நடைபாதை வியாபாரிகள் குறித்த வழக்கில் 2003-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் விதித்த நிபந்தனைகளை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். ஒருவருக்கு ஒரு மீட்டர் நீளமும் ஒரு மீட்டர் அகலமும் கொண்ட இடம். வழிபாட்டுத் தலங்கள், கல்வி நிலையங்கள், மருத்துவமனைகள் ஆகியவற்றிலிருந்து 100 மீட்டர் தொலைவுக்குள் வியாபாரம் கூடாது. சந்தைகள், ரயில் நிலையங்கள் ஆகியவற்றிலிருந்து 150 மீட்டர் தொலைவுக்குள்ளும் கூடாது என்பன அவற்றுள் சில.

நெரிசலைக் குறைப்பதே இவற்றின் நோக்கம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் உணவு வியாபாரியின் வாடிக்கையாளர் எங்கே இருக்கிறார் என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். மருத்துவமனை வாயிலில் நோயாளியின் துணைக்கு வந்தவர், ரயிலிலிருந்து இறங்கிய பயணி, சந்தைக்கு மூட்டை கொண்டுவந்த கூலியாள், திருவிழாவுக்கு வந்த குடும்பம் ஆகியோரே அவருடைய உணவை நாடுபவர்கள். பசி தோன்றும் இடங்களும் விதி விலக்கிய இடங்களும் பெரிதும் ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன. துணி வியாபாரி 150 மீட்டர் தள்ளி நின்றாலும் விரும்பியவர் தேடி வரக்கூடும். பத்து நிமிட இடைவேளையில் உண்ண வந்தவர் அவ்வாறு தேடிச் செல்வதில்லை. ஆகவே வியாபாரி விதியை மீறியேனும் பழைய இடத்தில் நிற்கிறார். மீறி நிற்பவர் என்பதால் எவருக்கும் அஞ்சி, எவர் கேட்பதையும் கொடுத்து நிற்கிறார். சட்டவிரோதம் என்ற நிலை வியாபாரத்தை ஒழிப்பதில்லை. அதன் செலவைத்தான் உயர்த்துகிறது.

1996 நவம்பரில் அன்றைய கல்கத்தாவில் 'ஆபரேஷன் சன்ஷைன்' என்ற பெயரில் முக்கியச் சாலைகளின் நடைபாதைக் கடைகள் பெருமளவில் அகற்றப்பட்டன. சிறிது காலத்திற்குள்ளாகவே வியாபாரிகள் பல இடங்களில் மீண்டும் வந்து நின்றனர். வாங்குவோர் இருக்கும்வரை விற்போரை அப்புறப்படுத்துதல் நிலையான தீர்வாகாது என்ற பாடத்தை அந்நிகழ்ச்சி உணர்த்திற்று.

சட்டம் வந்த வழி

தெருவில் வியாபாரம் செய்வது, அரசியல் சாசனம் வழங்கும் தொழில் செய்யும் உரிமையின் பாற்பட்டது என்று 1989-ஆம் ஆண்டு சோதன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வுரிமை நியாயமான கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டது என்றும், குறிப்பிட்ட ஓர் இடத்தையே நிரந்தரமாகக் கோர எவருக்கும் உரிமையில்லை என்றும் அத்தீர்ப்பு தெளிவுபடுத்தியது. 2004-ஆம் ஆண்டில் நகர்ப்புறத் தெரு வியாபாரிகளுக்கான தேசியக் கொள்கை வகுக்கப்பட்டு, 2009-இல் திருத்தியமைக்கப்பட்டது. கொள்கை என்பது சட்டமன்று. அதைப் பின்பற்றுமாறு உள்ளாட்சிகளைக் கட்டாயப்படுத்த இயலவில்லை. 2010-ஆம் ஆண்டு டெல்லி தொடர்பான கெய்ந்தா ராம் வழக்கில், வியாபாரிகளின் உரிமையையும் கடமையையும் வரையறுக்கும் சட்டம் இயற்றப்பட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் பணித்தது. அதன் பின்னர் பாராளுமன்றம் நிறைவேற்றிய தெரு வியாபாரிகள் வாழ்வாதாரப் பாதுகாப்பு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம், 2014 மே முதல் நாள் நடைமுறைக்கு வந்தது.

இச்சட்டத்தின் அடிப்படை அம்சங்கள் எளிமையானவை. ஒவ்வோர் உள்ளாட்சிப் பகுதியிலும் ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு முறையேனும் தெரு வியாபாரிகளைக் கணக்கெடுத்தல் வேண்டும். கணக்கெடுப்பில் கண்டறியப்பட்டோருக்கு, மக்கள்தொகையில் 2.5 விழுக்காடு என்ற வரம்புக்கு உட்பட்டு, வியாபார மண்டலங்களில் இடமும் சான்றிதழும் அளித்தல் வேண்டும். கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் வழங்கப்படும்வரை எவரையும் வெளியேற்றலாகாது. இடம் மாற்றுவதோ வெளியேற்றுவதோ அவசியமானால் 30 நாட்கள் முன்னறிவிப்பு தேவை. 50 ஆண்டுகளுக்கு மேலாக வியாபாரம் நடந்துவரும் இயல்பான சந்தைகளைப் பாரம்பரியச் சந்தைகள் என அறிவித்து, அங்குள்ளோரை இடம் மாற்றாமல் விட வேண்டும் என்றும் சட்டம் கூறுகிறது.

உணவு வியாபாரியின் நோக்கில் சட்டத்தின் சிறந்த ஏற்பாடு நகர விற்பனைக் குழுவாகும். மாநகராட்சி ஆணையர் அல்லது தலைமை நிர்வாக அதிகாரியின் தலைமையில் அமையும் இக்குழுவில், உள்ளாட்சியின் மருத்துவ அதிகாரி, போக்குவரத்துக் காவலர், காவல் துறையினர், திட்டமிடும் அமைப்பினர், குடியிருப்போர் நலச் சங்கத்தார், வங்கியாளர் ஆகியோருக்கு இடமுண்டு. உறுப்பினர்களில் 40 விழுக்காட்டுக்குக் குறையாமல், தேர்ந்தெடுக்கப்பட்ட வியாபாரிகளாக இருத்தல் வேண்டும். அவர்களுள் மூன்றில் ஒரு பங்கினர் பெண்கள். இதுகாறும் மூன்று வாயில்களில் தனித்தனியே நின்ற வியாபாரி, அவ்வாயில்களின் காவலர்களுடன் ஒரே மேசையில் அமர்ந்து பேச வழி பிறந்துள்ளது.

பறிமுதலின் கணக்கு

விதிமீறலுக்காகப் பொருள்களைக் கைப்பற்றும் அதிகாரம் இச்சட்டத்திலும் உண்டு. ஆனால் கைப்பற்றிய பொருள்களுக்குப் பட்டியல் தரப்பட வேண்டும். அழுகக்கூடிய பொருள்களை, உரியவர் கோரிய அன்றே திருப்பித் தர வேண்டும். ஏனையவற்றை இரண்டு வேலை நாட்களுக்குள் தர வேண்டும். இந்த வரையறை பழைய நிலையினும் மேலானது. எனினும் உணவு வியாபாரிக்கு இதுவும் எத்துணைச் சுமை என்பதை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்கலாம்.

ஒரு தள்ளுவண்டிக்காரர் மாவு, எண்ணெய், காய்கறி, எரிவாயு ஆகியவற்றுக்கு நாளொன்றுக்கு 1,200 ரூபாய் செலவிடுகிறார் என்றும், 1,900 ரூபாய்க்கு விற்கிறார் என்றும் கொள்வோம். மிச்சம் 700 ரூபாய். குடும்பச் செலவு 500 போக, கையில் தங்குவது 200. ஒரு வெள்ளிக்கிழமை மாலை, பாதி விற்பனையான நிலையில் வண்டி கைப்பற்றப்படுகிறது. அன்றைய விற்பனையில் 950 ரூபாய் போயிற்று. சமைத்த உணவு அன்றே திரும்பக் கிடைத்தாலும் அதை விற்க வண்டியும் இல்லை, நேரமும் இல்லை. அன்றே வண்டியைக் கோரினாலும் இரண்டு வேலை நாட்கள் என்பது செவ்வாய்க்கிழமை மாலை வரை நீளும். நான்கு நாட்களின் மிச்சம் 2,800 ரூபாய் இழப்பு. அபராதம் 500 என்று கொண்டால் மொத்தம் 4,250 ரூபாய். நாளொன்றுக்கு 200 ரூபாய் சேமிப்பவர் இதை ஈடுகட்ட 21 நாட்களுக்கு மேல் ஆகும். அந்த இடைவெளியில் அவர் நாடுவது கந்துவட்டிக்காரரையே. அடுத்த மாதம் எண்ணெயை மாற்றாமல் மீண்டும் மீண்டும் காய்ச்சுவதும், மலிவான பொருளை வாங்குவதும் இக்கடனிலிருந்து பிறக்கும் விளைவுகளாகும். அபராதம் விற்பவரின் பையிலிருந்து தொடங்கி உண்பவரின் வயிற்றில் முடிகிறது.

இடமும் தூய்மையும்

2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம் சிறு வியாபாரிகளுக்கு உரிமம் பெறுவதிலிருந்து விலக்களித்து, பதிவு செய்துகொண்டால் போதும் என்றது. அச்சட்டத்தின் கீழ் 2011-இல் வெளியான விதிமுறைகள் ஆண்டுக்கு 100 ரூபாய் என்ற சிறு கட்டணத்தையே விதித்தன. அவை வகுத்த சுகாதார நிபந்தனைகளும் கடுமையானவையல்ல. குடிக்கத்தக்க நீர், சோப்பால் கழுவிய கைகள், வெட்டிய நகங்கள், தூய மேலாடை, மூடியுள்ள குப்பைத் தொட்டி, தொற்று நோயற்ற உடல்நிலை, அசுத்தமான சூழலிலிருந்து விலகிய இடம் ஆகியன அவற்றுள் முக்கியமானவை.

இப்பட்டியலை நடைபாதையில் நின்று வாசித்தால் உண்மை விளங்கும். கைகளையும் நகங்களையும் தூய்மையாக வைத்துக்கொள்வது வியாபாரியின் கையில் உள்ளது. நீர், கழிவுநீர் வடிகால், குப்பை அகற்றல், சூழலின் தூய்மை ஆகியவை உள்ளாட்சியின் கையில் உள்ளவை. அரைக் கிலோமீட்டர் தொலைவிலுள்ள குழாயில் பிடித்து வாளியில் சுமந்துவரும் நீர், குழாயில் தூய்மையாக இருந்தாலும், மூடியற்ற பாத்திரத்தில் மாலை வரை இருந்து, பல கைகளும் குவளைகளும் மூழ்கியபின் தூய்மையாக இராது. அந்நீரையே தட்டு கழுவவும் பயன்படுத்தினால் நோய் பரவ வேறு காரணம் வேண்டியதில்லை.

குழாய் பொருத்திய மூடிய தொட்டியும், துருப்பிடிக்காத எஃகு மேடையும், கண்ணாடி மறைப்பும் கொண்ட வண்டி இக்குறையைப் பெரிதும் போக்கும். ஆனால் அது சில ஆண்டுகளில்தான் தன் விலையை மீட்டுத் தரும் முதலீடு. நாளை இதே இடத்தில் நிற்போமா என்று அறியாதவர் அத்தகைய முதலீட்டைச் செய்வதில்லை. ஓடத் தோதான இலகுவான வண்டியும், போனால் போகட்டும் என்று விடத்தக்க பழைய பாத்திரமுமே அவருக்கு அறிவுடைய தேர்வு. தெருவோர உணவின் அசுத்தத்துக்கு அறியாமை மட்டும் காரணமன்று. இடத்தின் உறுதியின்மை அதைவிட ஆழமான காரணம். அசுத்தம் என்று கூறி வெளியேற்றுவது அந்த உறுதியின்மையை மிகுவித்து, அசுத்தத்தையே வளர்க்கிறது.

2014-ஆம் ஆண்டுச் சட்டத்தின் முதல் அட்டவணையில் அதிகம் பேசப்படாத ஓர் ஏற்பாடு இதற்கு விடையளிக்கிறது. சுகாதாரக் குறைவைக் காரணமாகக் காட்டி ஓர் இடத்தை வியாபாரமற்ற மண்டலமாக அறிவித்தல் ஆகாது. அக்குறைவு முழுவதும் வியாபாரிகளாலேயே ஏற்பட்டு, உள்ளாட்சியின் தக்க நடவடிக்கையால் தீர்க்க இயலாததாகவும் இருந்தால் மட்டுமே அவ்வாறு அறிவிக்கலாம் என்பது அதன் சாரம். அதாவது, குழாயும் வடிகாலும் குப்பைத் தொட்டியும் அமைத்துப் பார்க்காமல் தடை விதிக்க இடமில்லை. மறுபுறம், வியாபாரிகளும் தம் இடத்தையும் சுற்றுப்புறத்தையும் தூய்மையாக வைத்திருக்கவும், பொது வசதிகளுக்கான பராமரிப்புக் கட்டணம் செலுத்தவும் கடமைப்பட்டவர்கள். உரிமையும் கடமையும் இங்கு ஒரே கயிற்றின் இரு புரிகளாக அமைந்துள்ளன.

நடைமுறையில் கண்டவை

இடத்தை உறுதி செய்து தூய்மையைக் கோருதல் இயலக்கூடியதே என்பதற்குச் சான்றுகள் உள்ளன. அகமதாபாத் நகரின் காங்கரியா ஏரிக்கரையில் நிலையான கடைகளில் தொழில் செய்யும் உணவு வியாபாரிகளுக்குப் பயிற்சி அளிக்கப்பட்டு, கடைகள் தணிக்கை செய்யப்பட்டு, 2018-ஆம் ஆண்டில் அப்பகுதி நாட்டின் முதலாவது தூய தெருவோர உணவு மையம் என்ற தகுதியைப் பெற்றது.

இந்தூர் நகரின் சராபா பஜார் மற்றொரு வகையில் படிப்பினை தருவது. பகலில் அது பொன் வெள்ளி நகைகள் விற்கும் கடைத்தெரு. இரவில் நகைக் கடைகள் மூடியபின் அதே தெருவில் உணவுக் கடைகள் விரிகின்றன; நள்ளிரவைத் தாண்டியும் மக்கள் கூடுகின்றனர். ஒரே இடம் இரு தொழில்களுக்கு நேரப் பங்கீட்டு முறையில் பயன்படுகிறது. இவ்வாறு நேரம் பிரித்து வியாபாரம் செய்யும் முறையைச் சட்டமும் ஏற்றுள்ளது. நிலம் அரிதான நகரங்களில், இடம் இல்லை என்ற வாதத்துக்கு இது தக்க மறுமொழி. காலை 7 மணிக்குச் சிற்றுண்டி விற்பவர்க்கும் இரவு 9 மணிக்கு உணவு விற்பவர்க்கும் ஒரே இடம் போதும். அலுவலகச் சாலை ஒன்றில் போக்குவரத்து மிகும் நேரமும் பசி மிகும் நேரமும் ஒன்றல்ல என்றால், விதியையும் நேரத்துக்கேற்ப வகுக்கலாம்.

கடன் வசதியும் சான்றிதழுடன் பிணைந்ததே. 2020 ஜூன் மாதம் தொடங்கப்பட்ட பிரதம மந்திரி ஸ்வநிதித் திட்டத்தின் கீழ், பிணை ஏதுமின்றி முதற்கட்டமாக 10,000 ரூபாய் கடனும், தவறாமல் திருப்பிச் செலுத்தியவர்க்கு 20,000, 50,000 ரூபாய் எனத் தொடர்ந்து கடனும், 7 விழுக்காடு வட்டி மானியமும் வழங்கப்பட்டன. 2025 ஆகஸ்டில் இத்திட்டம் திருத்தியமைக்கப்பட்டு, முதற்கடன் 15,000 ரூபாயாகவும் இரண்டாம் கடன் 25,000 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டது. கடன் வழங்கும் காலம் 2030 மார்ச் வரை நீட்டிக்கப்பட்டது. உணவு வியாபாரிகளுக்குச் சுகாதாரப் பயிற்சி அளிப்பதும் அதில் இடம்பெற்றுள்ளது. ஆயினும் நிற்க இடமில்லாதவருக்குக் கடன் கொடுத்தால், அது நல்ல வண்டியாக மாறாது. பழைய கடனை அடைக்கவும் அபராதம் கட்டவுமே போய்விடும்.

செய்ய வேண்டியவை

சட்டம் நடைமுறைக்கு வந்த ஓராண்டுக்குள் விதிகளையும், ஆறு மாதங்களுக்குள் செயல்திட்டத்தையும் மாநிலங்கள் வகுக்க வேண்டும் என்று சட்டமே காலவரம்பு குறித்திருந்தது. பல மாநிலங்கள் அவ்வரம்பைத் தாண்டியே அவற்றை வகுத்தன. கணக்கெடுப்பு முடியாத இடத்தில் சான்றிதழ் இல்லை; சான்றிதழ் இல்லாத இடத்தில் பழைய முறையே தொடரும். கணக்கெடுப்பு நடக்கும் நாளில் ஊருக்குச் சென்றிருந்தவரும், இரவில் மட்டும் கடை விரிப்பவரும் விடுபட்டுப்போவதைத் தவிர்க்க, கணக்கெடுப்பு பகலிலும் இரவிலும் நடைபெறுதல் நன்று.

நடைபாதையில் நடப்பவரின் உரிமையும் மறக்கத்தக்கதன்று. முதியோரும் குழந்தைகளும் வாகனங்களுக்கிடையே சாலையில் இறங்கி நடக்க நேர்ந்தால், அது எந்தப் பிழைப்பின் பெயராலும் நியாயமாகாது. சில இடங்களில் வியாபாரம் கூடாதுதான். ஆனால் எங்கே கூடாது என்று சொல்லும் அமைப்பு, எங்கே கூடும் என்பதையும் சேர்த்துச் சொல்லக் கடமைப்பட்டது. அந்த மாற்றிடம் ஊருக்கு வெளியே வெறிச்சோடிய மைதானமாக இருந்தால் உணவு வியாபாரி அங்கு செல்லமாட்டார், சென்றாலும் நிலைக்கமாட்டார்.

உள்ளாட்சிகள் மேற்கொள்ள வேண்டிய வரிசைமுறை இதிலிருந்து தெளிவாகிறது. முதலில் கணக்கெடுப்பு, அடுத்து இடமும் நேரமும் குறித்த சான்றிதழ், அதன்பின் குழாய், வடிகால், குப்பைத் தொட்டி, பின்னர் பயிற்சியும் கடனும், இவை யாவும் கிடைத்த பின்னரும் தவறுபவருக்குத் தண்டனை. இவ்வரிசை தலைகீழாகி, தண்டனை முதலிலும் குழாய் கடைசியிலும் வருமாயின், தெருவும் தூய்மையாகாது, உணவும் தூய்மையாகாது. டேக்கர்ஸ் லேன் போன்ற தெருக்களில் நண்பகலில் கையில் தட்டுடன் நிற்கும் தொழிலாளிக்கு அந்த உணவை விட்டால் வேறு வழியில்லை. அவர் உண்ணும் தட்டு நல்ல நீரில் கழுவப்பட வேண்டுமாயின், அதைக் கழுவுபவர் நாளையும் அதே இடத்தில் அச்சமின்றி நிற்க முடிய வேண்டும்.